போட்டு வாறனுக்கு இங்கிலீஸ் என்ன?

கொக்குவில்

அன்புள்ள மருமகன் சுபாஸ்கரனுக்கு மாமா தம்பிராசா எழுதுவது. இங்கே நாங்கள் வெயிலோடு சுகம், அங்கே நீங்கள் குளிரோடு சுகமாயிருக்க வேண்டுகிறோம். போனில் சொல்லலாம் என்றால், நான் விசயத்தைத் தொடங்கியதும் "மாமா, சிக்னல் இல்லை, ஒண்டும் கேக்கேல்லை" என்று உங்கள் குரல் மட்டும் மிகத் தெளிவாகக் கேட்கிறது. ஆகவே எழுதுகிறேன். உங்கள் மாமி இதைப் படம் பிடித்து அனுப்புவா, பெரிதாக்கி வாசிக்கவும்.

விசயம், எங்கள் பிள்ளை கஜானியின் இங்கிலீஸ் பரீட்சை. கலியாணம் முடிந்து லண்டனுக்குத் திரும்பும்போது "சின்னச் சோதினைதான் மாமா, ஒருத்தர் கேக்கிறதுக்குப் பதில் சொன்னால் காணும், பாஸ் பண்ணினால் விசாவுக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் விமானம் ஏறினீர்கள். அந்தச் சின்னச் சோதினைக்காக இந்த வீடு பட்ட பாட்டை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

முதலில் நானே படிப்பித்தேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து இளைப்பாறியவனுக்கு இங்கிலீஸ் தெரியாதா என்ற எண்ணந்தான். ஆனால் என்னுடைய இங்கிலீஸ் முழுவதும் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிய இங்கிலீஸ், வாயால் கதைத்துப் பழக்கமில்லை. "உன் பொழுதுபோக்கு என்ன?" என்று இங்கிலீசில் கேட்டால், "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களுக்குத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில்" என்று தொடங்கி, பிள்ளை பொழுதுபோக்குக்கு வந்து சேரும்போது பொழுது போய்விடும். மாமி கேட்டுவிட்டு, "உங்கடை இங்கிலீசிலை போனால் பிள்ளைக்கு விசா கிடைக்காது, பென்சன்தான் கிடைக்கும்" என்று சொன்னா. அதனால் லெனாட் மாஸ்டரின் ரியூசனுக்கு அனுப்பினேன். ஸ்ரேசனடியில் தகரக் கொட்டில், ஒரு வாங்கில் ஆறு பேர் நெருக்கியிருக்க, மாஸ்டர் மைக் வைத்துப் படிப்பிக்கிறார். அவருக்குச் செயப்பாட்டு வினை என்றால் உயிர். பிள்ளை வீட்டுக்கு வந்து அதையே இங்கிலீசில் சொல்லிப் பார்க்கும்: அப்பாவால் தேநீர் குடிக்கப்பட்டது, அம்மாவால் அப்பா ஏசப்பட்டார், ஆட்டினால் செவ்வரத்தைச் செடி கடிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை, எல்லாம் தானாகச் செய்யப்பட்டது. உன் பெயர் என்ன என்று மட்டும் மாஸ்டர் ஒரு நாளும் கேட்கவில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லையாம்.

பிறகு நீங்கள் போனில் ஏதோ ஒரு ஆப் இறக்கச் சொன்னீர்கள். காசில்லாமல் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று நீங்கள் புளுகினது நினைவிருக்கும். அது முதல் நாள் ஆமை பால் குடிக்கிறது என்று சொல்லித் தந்தது, அடுத்த நாள் என் மாமாவின் குதிரை நூலகத்தில் நிற்கிறது என்று சொல்லித் தந்தது. லண்டனில் இப்படித்தான் கதைக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பிள்ளை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மாமி குசினியிலிருந்து "சோறு போடட்டோ?" என்று கேட்டா. பிள்ளை "ஓம்" என்றது. போன் அதை ஹோம் என்று விளங்கிக்கொண்டு, மணியடித்து, "எக்ஸலண்ட்" என்று பாராட்டியது. "இந்த வீட்டிலை என்ரை சோத்தை உவன் ஒருத்தன்தான் மெச்சியிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு மாமி போனுக்குப் பக்கத்தில் சோற்றுக் கோப்பையை வைத்தா.

அதுவும் சரிவராதபோது உங்கள் பொன்னான யோசனை வந்தது: "வீட்டிலை எல்லாரும் இங்கிலீசிலையே கதையுங்கோ." கதைத்தோம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், கலியாணம் கட்டிய நாளிலிருந்து நானும் மாமியும் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. சண்டை பிடிப்பதற்குத் தேவையான இங்கிலீஸ் இரண்டு பேரிடமும் இல்லை. மாமி கையை நீட்டி "யூ, யூ" என்று தொடங்குவா, மேலே சொல் வராமல் உள்ளே போய்விடுவா. கெட்டது எல்லாம் மீனால்தான். குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் சிமியோனிடம் பழக்கதோசத்தில் "ஹவ் மச்?" என்று கேட்டுவிட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயா எப்ப கனடாவிலையிருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டு வெளிநாட்டு விலை சொன்னான். அதன் பிறகு தமிழில் எவ்வளவு மன்றாடியும் விலை இறங்கவில்லை. அன்றைக்கு மாமி என்னைத் தமிழில் ஏசினா, அந்த முறையும் அத்தோடு முடிந்தது.

இவ்வளவு வித்தைகளையும் கற்றுக்கொண்டு கஜானி போன கிழமை கொழும்பில் பரீட்சைக்குப் போனாள். துணைக்கு நான். சோதிப்பவர் மரியாதையான மனிசனாம். குடும்பத்தைப் பற்றிக் கேட்டாராம், சமையலைப் பற்றிக் கேட்டாராம், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம். கடைசியில் "நன்றி, நீங்கள் போகலாம்" என்றிருக்கிறார். பிள்ளை எழும்பி, கும்பிட்டு, "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் திகைத்துப்போய், திரும்பி வரத் தேவையில்லை, பரீட்சை முடிந்துவிட்டது என்று சொல்ல, இவள் "நோ சேர், கோ அண்ட் கம்" என்று திருப்பிச் சொல்ல, அவர் கதவைத் திறந்துவிட்டாராம். வெளியே வந்து "எல்லாம் பிழைச்சுப்போச்சு அப்பா" என்று ஒரே அழுகை.

முடிவு இன்னும் வரவில்லை. பெயில் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் மருமகன், பிள்ளையில் என்ன பிழை? எங்கள் வீட்டில் ஒருவரும் போறன் என்று சொல்லிப் படியிறங்கியதில்லை. குழந்தையில் ஒரு நாள் அவள் "பள்ளிக்கூடம் போறன்" என்று வாய்தவறிச் சொன்னபோது, கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தண்ணி பருக்கி, "போட்டு வாறன்" என்று சொல்லவைத்துத்தான் நான் விட்டேன். திரும்பி வராதவர்கள்தான் போவார்கள், மற்றவர்கள் போட்டு வருவார்கள். இதற்கு இங்கிலீசில் சொல் இல்லையென்றால் அது இங்கிலீசின் குறை, அதற்கும் ஒரு ரியூசன் வைக்கலாம்.

ஆகவே என் யோசனை, நீங்களே இங்கே வந்துவிடுங்கள். விரும்பினால் உங்களுக்கு நான் தமிழில் ஒரு சோதனை வைக்கிறேன், போன மாதம் "மாமா, வெதர் சரியான டல்" என்று சொன்னதைப் பார்த்தால் நீங்களும் முதல் தரத்தில் பாஸ் பண்ண மாட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ரயிலில் பிள்ளை அழுதுகொண்டு வந்தபோது நான் ஆறுதல் சொன்னேன், ஆனால் மனதுக்குள் எனக்குச் சந்தோசமாக இருந்தது. எங்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்து எந்த மொழியில் என்ன கதைப்பது?

சன்னதி முருகன் உங்களுக்கு நல்ல சுகத்தையும் குளிர் தாங்கும் மொத்தமான கம்பளியையும் தரட்டும். மாமியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
அன்பு மாமா
தம்பிராசா

பி.கு: இதைப் படம் பிடிப்பதற்குப் போனைக் கேட்டேன், அது கஜானியின் கையில் இருந்தது. முடிவு வந்துவிட்டது. பாஸ். மாமி சாமியறையில் கற்பூரம் கொளுத்துகிறா. ஆகவே மேலே எழுதிய ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இப்போதுதான் சந்திக் கடைக்குக் கற்கண்டு வாங்க வெளிக்கிட்டவள், வாசலில் நின்று "அப்பா, ஐ ஆம் கோயிங்" என்றாள். இலக்கணம் சரி, ஒரு பிழையும் சொல்ல முடியாது. கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தண்ணி கொடுத்து, "பிழை பிள்ளை, திருப்பிச் சொல்லு" என்றேன். மருமகன், அவளுக்குப் பிளேன் ரிக்கற் போடும்போது போகவும் வரவும் சேர்த்துப் போடுங்கோ.