சுபநேரத்தில் பொருத்திய கார்ட்

இன வேறுபாடே பார்க்காத ஓர் அலுவலகம் இந்த நாட்டில் உண்டென்றால், அது எங்களுடையதுதான்.

கண்டிச் சோதனைச் சாவடியில் கைப்பையைத் திறந்து காட்டும்போது தவமணி இதை மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு வருடமாக, மாத்திரை விழுங்குவதுபோல, காலையில் ஒரு தடவை. ஒரே ஒரு நாள் மட்டும் இரண்டு தடவை தேவைப்பட்டது.

அவள் வேலை பார்த்த ‘நல்லிணக்கப் பிரசாரப் பிரிவு’ மாண்பு மிக்க இடம். போர் உச்சத்தில் இருந்த அந்த வருடத்தில், நாட்டின் பிரச்சினையைச் சுவரொட்டியால் தீர்த்துவிடுவதென்று அது முடிவெடுத்திருந்தது. மூன்று இனப் பெண்கள் கைகோர்த்து நிற்கும் படம். கணினியில் அதை வரைபவள் தவமணி. படம் பெரிது, கணினி திணறியது. ஆகவே புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கப்பட்டது.

சோதிடர் குறித்த பத்து நாற்பத்திரண்டுக்குப் பணிப்பாளர் தம் பொற்கரங்களால் கார்டைச் செருகினார். குத்துவிளக்கு எரிந்தது. மூடிய பெட்டியைச் சுற்றி, பிக்குமார் ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டப்பட்டது. தலைமை எழுதுவினைஞர் சுந்தரலிங்கம், தமிழர் பங்களிப்பாக, திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சுவிட்சையும் பணிப்பாளரே போட்டார். தவமணி வாசலருகே நின்று கைதட்டினாள்.

கணினி உயிர்பெற்றது. மூன்று பெண்களும் ஊதாக் கோடுகளாகக் கிழிந்து தொங்கினார்கள்.

கணினி திருத்தும் ஹபீல் மடவளையிலிருந்து வரவழைக்கப்பட்டார்.

“புதுக் கார்டுதான் பழுது சேர். கழட்டிப் பாத்தா ரெண்டு நிமிசத்தில தெரியும். கடையில மாத்தித் தருவாங்க.”

“சுபநேரத்தில் வைத்ததைக் கழற்றுவதா? நூலை அறுக்கவா சொல்கிறீர்?” என்று பணிப்பாளர் சிங்களத்தில் அதிர்ந்தார்.

“அறுக்கத் தேவல்ல சேர், அவுக்கலாம்.”

“நான் வைத்ததில் பிழை இருக்க முடியாது. மற்றதைப் பாரும்.”

பிழை கண்டுபிடிப்பதில் ‘ஒவ்வொன்றாய் மாற்றிப் பார்த்தல்’ என்றொரு மேலான முறை உண்டு. பிரிவு அதை முழு மனதோடு கடைப்பிடித்தது. வயர் மாற்றப்பட்டது. மறுநாள் திரை. பிறகு மேசை கிழக்குப் பார்த்துத் திருப்பப்பட்டது. நான்காம் நாள், ஆழ்ந்த யோசனைக்குப் பின், கதிரை. கோப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: ‘மாற்றப்பட்டது. பலனில்லை.’ ஹபீல் தினமும் வந்தார், பெட்டியைச் சுட்டிக் காட்டினார், பிளேன்டீ குடித்தார், போனார்.

ஐந்தாம் நாள் மாற்றுவதற்கு வேறெதுவும் மிஞ்சவில்லை. கதிரையில் தவமணி மிஞ்சியிருந்தாள்.

சுந்தரலிங்கம் ஒரு கடதாசியோடு வந்தார். செத்த வீட்டுக்கு வந்தவரின் பணிவு முகத்தில்.

“ஒன்னுமில்ல தங்கச்சி. ‘என் கவனக்குறைவால் கார்ட் பழுதானது’ன்னு சின்னக் கடிதம். கையெழுத்துப் போட்டுட்டா கோப்ப மூடிடலாம்.”

“நான் அதைத் தொடவே இல்லையே அண்ணை.”

“தெரியும்மா. கதவுகிட்ட நின்னு கைதட்டினீங்க. நானே பாத்தேனே.”

“அப்ப?”

“சேரு பேர எழுத முடியுங்களா? ஒங்க பேருன்னா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தணித்தார். “பொலிஸ் பதிவுக்கு மாசாமாசம் கடிதம் குடுக்கிறது சேருதானே. யோசிங்க.”

யோசித்தாள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் வடக்கிலிருந்து வந்தவளுக்குப் பொலிஸ் பதிவு இல்லை; பதிவு இல்லாவிட்டால் கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய வாடகை அறையும் இல்லை. இதில் கையெழுத்திட்டாலோ, அரச உடைமையைப் பழுதாக்கிய யாழ்ப்பாணத்துப் பெண். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லைப் பொலிஸ் மேசையில் எப்படி வாசிப்பார்கள்? இரண்டு வருடமாக எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பயந்துகொண்டிருந்தது, இதோ, அரைப் பக்கத்தில் தட்டச்சாகி, பிழையில்லாத தமிழில் வந்திருக்கிறது. இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

பணிப்பாளரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

“வயர் மாத்தியாச்சு, திரை மாத்தியாச்சு, கதிரையும் மாத்தியாச்சு,” என்றாள், குரலை உயர்த்தாமல். “மாத்தாதது ஒண்டுதான் அண்ணை. அதை வச்ச கையை நீங்களும் பாத்தனீங்கள், நானும் பாத்தன். நான் கையெழுத்துப் போடமாட்டன்.”

பேனையை மூடி, கடதாசியோடு சேர்த்து அவரிடமே நீட்டினாள். பிரிவின் சின்னம் தலைப்பில் அழகாக அச்சாகியிருந்தது: கோர்த்த மூன்று கைகள். கீழே கையெழுத்துக்கு மட்டும் ஒரே ஒரு கோடு.