ஜோடி மேஸ்திரி

உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் அரிசி மில்லில் ஊர்க்காரர்கள், காலனிக்காரர்கள், ஒடிசாக்காரர்கள் என்று மூன்று கூட்டம். மூன்றும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஜோடி மேஸ்திரியை யாருக்கும் பிடிக்காது.

அவர் எந்த ஊர், என்ன சாதி என்று யாருக்கும் தெரியாது. பெயர்கூடத் தெரியாது. தினமும் காலையில் மில் வாசலில் நின்று "ஜோடி நில்லு" என்பார். ஒரு மூட்டையின் இரண்டு முனையையும் ஒரே கூட்டத்து ஆட்கள் பிடிக்கக் கூடாது. அதுதான் அவர் சட்டம். டீ குடிக்கவும் ஜோடியாகத்தான் வெளியே விடுவார். சீக்கிரம் குடித்தவன், ஊதி ஊதிக் குடிப்பவனின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் ஊர் ஆள் ஒருவர், காலனி சாலமோனுடன் நிற்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். மேஸ்திரி கோபப்படவில்லை.

"சரி நைனா. நீ ஒண்டியா தூக்கு."

முழு மூட்டை. மத்தியானம் வரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் சாலமோனே இரக்கப்பட்டு மறுமுனையைப் பிடித்தார்.

எனக்கு வாய்த்தவன் ஒடிசா சுசாந்த். எனக்கு யாரிடமும் பேச வராது. அவனுக்குத் தமிழ் வராது. இவ்வளவு பொருத்தம் கல்யாணத்தில்கூட அமையாது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "வூட்ல மொகத்த தூக்கி வெச்சிக்கினு, இங்க மட்டும் இன்னா சிரிப்பு?"

போன மழைக்காலத்தில் மூட்டை அடுக்கு சரிந்தது. ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான். என் பக்கம் சரியவில்லை. அவ்வளவுதான்.

வந்து சேர வழியில்லை, அங்கேயே எரித்துவிடுங்கள் என்று அவன் அண்ணன் போனில் அழுதாராம். ஆஸ்பத்திரியிலிருந்து உடல் மில்லுக்கு வந்தபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். என்ன சாதி என்று தெரியாதவனை ஊர்ச் சுடுகாட்டில் விட முடியாது என்றார்கள்.

"எங்க பக்கம் எட்தாந்துடுங்க" என்றார் சாலமோன்.

காலனிச் சுடுகாட்டுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் பாடை தூக்கிப் போனதே கிடையாது. நாங்கள் தரையைப் பார்த்தோம். பெரியவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

"ஜோடி நில்லு" என்றார் மேஸ்திரி, தினமும் சொல்கிற அதே குரலில்.

பழகிய கால்கள் தாமாக நகர்ந்தன. முறுக்கிக்கொண்ட அந்த ஊர்க்காரர் சாலமோன் பக்கத்தில் போய் நின்றார். மாற்றித் தூக்க மற்ற ஜோடிகளும் பின்னால் நின்றன. எனக்குத்தான் ஜோடி இல்லை. குடலிறக்கம் என்று ஒரு மூட்டையைக்கூடத் தொடாத மேஸ்திரி, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உன் ஜோடி படுத்துக்கினு கீறான். நான் புடிக்கறேன், நட."

ஊரிலிருந்து புகார் போனது. அந்த வாரமே முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது அவரவர் இஷ்டப்பட்ட ஆளோடு தூக்குகிறோம். டீக்கடையில் மூன்று கூட்டமும் மூன்று மூலையில் நிற்கின்றன.

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப யாரு உன் ஜோடி?"

அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.