தாலிக்கு முந்திய கட்டண விலக்கு

உலகத்தில் நீதி என்ற சாமான் எங்கேயாவது கலப்படமில்லாமல் கிடைக்குமென்றால் அது நோர்வேயில்தான். இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு காலத்தில் உலகத்துக்கே படிப்பு இலவசம். இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் அரசாங்கம் ஆற அமர யோசித்து, இலவசம் என்பது ஐரோப்பிய வயிற்றுக்குத்தான் செரிக்கும் என்று கண்டுபிடித்தது. கடல் தாண்டி வருபவன் காசு கட்டிப் படித்தால்தான் படிப்புக்கு மரியாதையாம். ஆனாலும் இரக்கமுள்ள அரசாங்கம். 'கட்டண விலக்கு' என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதற்குள் நுழையும் பாக்கியம் பெற்றவர்களில் ஒரு வகை, நோர்வேக்காரரைக் கட்டி அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்.

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் குடியிருக்கும் ஜெயரத்தினத்தார் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒஸ்லோ ஹோட்டல் குசினிகளில் கோப்பை கழுவியே கிழடானவர். யாராவது இலவசம் என்றால் முதலில் தன் காற்சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அவருடைய தம்பி மகள் யதுர்ஷா யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்று, ஒஸ்லோவில் பிறந்த கவிசனின் மனைவியாக வந்திறங்கினாள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது. "நோர்வேக்காரன்ர மனுசி எண்டபடியால் கட்டணமில்லையாம்!" என்று எல்லோரும் துள்ளினார்கள்.

"பொறுங்கோ. உதுக்குள்ள ஏதோ கிடக்கு," என்றார் ஜெயரத்தினத்தார்.

கிடக்கத்தான் செய்தது. கலியாணத்தில் 'எழுத்து' என்ற பதிவு மட்டுமே முடிந்திருந்தது. எங்கள் ஆட்களுக்கு எழுத்து என்பது விசாவுக்கு. கலியாணம் என்பது தாலி. தாலிக்கு நாள் தையில். மண்டபம் கிடைத்ததும் தையில்தான். அதுவரை பெண் ரொம்சோஸில் பெரியப்பா வீட்டில், மாப்பிள்ளை அதே ரெயின் பாதையின் கடைசியில், வெஸ்ட்லியில், தாய் சிறிதேவியோடு. இரண்டு பேரும் ஒரே ரெயினில் போவார்கள், வேறு வேறு பெட்டியில். பல்கலைக்கழகம் தொடங்குவதோ ஆவணியில்.

கட்டண விலக்குப் பிரிவின் அதிகாரி மாரித் சிரித்த முகத்தோடு விசாரணையைத் தொடங்கினார்.

"கணவர் வெஸ்ட்லியில். நீங்கள் ரொம்சோஸில். பிரிந்துவிட்டீர்களா?"

கவிசன் அதை யதுர்ஷாவுக்குத் தமிழில் சொன்னான். கூடவே வந்திருந்த ஜெயரத்தினத்தாருக்குச் சினம் வந்துவிட்டது.

"இன்னும் சேரவே இல்லை, அதுக்குள்ள எப்பிடியடா பிரியிறது?"

"கலியாணம் முடிந்துவிட்டதுதானே?" என்றார் மாரித்.

"பாதி," என்றாள் யதுர்ஷா.

கவிசன் நோர்வே மொழியில் விளக்கப் பாடுபட்டான். "உங்கள் ஆட்கள் கலியாணம் கட்டாமலே சம்பூர் என்று சேர்ந்து வாழ்கிறார்கள். எங்கள் ஆட்கள் கட்டிய பிறகும் சேராமல் வாழ்கிறார்கள். இரண்டும் பண்பாடுதான்."

"பண்பாட்டை எங்கள் பிரிவு மிகவும் மதிக்கிறது," என்றார் மாரித். "ஆனால் சேர்ந்து வாழ்ந்தால்தான் விலக்கு. மாதக் கடைசிக்குள் தயவுசெய்து சேர்ந்துவிடுங்கள்."

ஒரு தம்பதியைச் சேர்த்துவைக்கத் தவணை போட்டு உழைக்கும் அரசாங்கத்தை வேறு எந்த நாட்டில் காணலாம்?

அன்று மாலையே வெஸ்ட்லியில், எட்டாம் மாடியில், உயர்மட்டக் கூட்டம் கூடியது. சிறிதேவி தலைமை, ரோல்ஸும் தேத்தண்ணியும் பார்வையாளர்கள்.

"தாலி ஏறாமல் ஒரு பெட்டை என்ர வீட்டில வந்து இருக்கிறதோ? சனம் சிரிக்கும்!"

"அம்மா, நாளைக்கே கோயிலில வைச்சுத் தாலியைக் கட்டிவிடுறன். ஃபேர்டி! முடிஞ்சுது!"

"வாயைப் பொத்தடா. கார்ட் அடிச்சுக் குடுத்தாச்சு. மேளம் டென்மார்க்கில இருந்து வருது, மேக்கப் பாரிஸில இருந்து வருது. இப்ப அவசரமாய்க் கட்டினால் சனம் விரல் விட்டு மாசம் எண்ணும்."

"அப்ப கட்டணத்தைக் கட்டுவமோ?"

"அந்தக் காசுக்குக் கோயிலுக்கு ஒரு தேர் செய்யலாம்," என்றார் ஜெயரத்தினத்தார். "கட்டணத்தைக் கட்டச் சொன்னால் பிள்ளையின்ர படிப்பு இதோட சரி."

யதுர்ஷா ரோல்ஸைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். கடைசியில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பெண் வெஸ்ட்லிக்குக் குடிபெயர்வாள். 'ஒழுக்கப் பாதுகாப்புக்கு' ஜெயரத்தினத்தாரும் கூடவே பெயர்வார்.

இரண்டு அறைகளுக்கும் நடுவே அவருடைய பாய் விரிக்கப்பட்டது. நோர்வேக்காரர் எங்கள் நாட்டில் செய்து பார்த்துக் கைவிட்ட நடுவர் வேலையை அவர் வெஸ்ட்லியில் வெற்றிகரமாகச் செய்தார். தேத்தண்ணிக் கோப்பை கைமாறும்போது விரல் பட்டாலே 'போர்நிறுத்த மீறல்' என்று இருமுவார். புதுத் தம்பதி கண்ணாலே கதைத்தார்கள். அதற்கும் இருமினார்.

வாரம் ஒன்று போனதும் மாரித் குடும்பத்தை மறுபடி கூப்பிட்டார். யதுர்ஷாவிடம் மென்மையாகக் கேட்டார்: "உங்கள் கணவர் எந்தப் பக்கம் படுப்பார்?"

பொய் பழகாத பிள்ளை. "பெரியப்பாவுக்கு அந்தப் பக்கம்," என்றாள்.

கவிசன் அதை அப்படியே மொழிபெயர்த்துத் தொலைத்தான். மாரித் பேனையைக் கீழே வைத்தார். ஜெயரத்தினத்தாரை நெடுநேரம் பார்த்தார். கணினியிலும் தேடிப் பார்த்தார். பெரியப்பா என்ற வகை அதில் இல்லை.

"இவர் நடுவில் இருக்கும்வரை விலக்கு இல்லை," என்றார்.

வெளியே வந்ததும் சிறிதேவி தூணில் சாய்ந்துவிட்டா. "ஐயோ, கார்ட்டில பொம்பிளையின்ர பேருக்குக் கீழ 'எம்.எஸ்சி., ஒஸ்லோ' எண்டு அடிச்சுப்போட்டனே! இனிப் படிப்பில்லை எண்டால் சனம் சிரிக்கும்!"

ஒரு பக்கம் தாலிக்கு முந்திச் சிரிக்கும் சனம். மறு பக்கம் பட்டத்துக்குச் சிரிக்கும் சனம். சிறிதேவி இரண்டு சிரிப்பையும் நிறுத்துப் பார்த்தா. முடிவெடுக்க ரெயினில் மூன்று தரிப்பிடம் போதுமாயிருந்தது.

"அண்ணை, நீங்கள் பாயைச் சுருட்டுங்கோ."

"அப்ப தாலி?"

"தாலி தையிலதான். நான் ஹவுகன்ஸ்டுவாவில தங்கச்சி வீட்டை போய் நிக்கிறன். நான் காணாதது நடக்காதது."

கவிசன் அதே ரெயினில் எழும்பி, முதல்முறையாக, யதுர்ஷாவுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். ஜெயரத்தினத்தார் பழக்கதோசத்தில் ஒருமுறை இருமிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மாதக் கடைசியில் மாரித் விசாரித்தார். தம்பதி சேர்ந்திருந்தது. நடுவில் பெரியப்பா இல்லை. யதுர்ஷா வெட்கத்தில் சிவந்து நின்றதையே ஆதாரமாக ஏற்றுக்கொண்டு, எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள்! நீங்கள் தகுதி பெற்றுவிட்டீர்கள்!"

சிறிதேவி மாரித்தைக் கட்டிப்பிடித்தா. கவிசன் படம் எடுத்தான். ஜெயரத்தினத்தார் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை. குசினியில் பழகிய நோர்வே மொழியில் மெல்லத் தொடங்கினார்.

"அம்மணி, பிள்ளை எங்கை படுக்குது, ஆரோட படுக்குது, எந்தப் பக்கம் படுக்குது, எல்லாம் வடிவாய்க் கேட்டனீங்கள். அது என்ன படிக்கப்போகுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே?"

மாரித் சிறிதேவியைப் பார்த்தார். சிறிதேவி கவிசனைப் பார்த்தா. கவிசன் கைபேசியைப் பார்த்தான். சொல்வதற்கு யதுர்ஷா ஆசையாக வாயைத் திறந்தாள்.

மாரித் மிகுந்த மரியாதையோடு கையை உயர்த்தித் தடுத்தார்.

"மன்னியுங்கள். அது வேறு பிரிவு."