செந்தூள் கிரகத்துக்குப் போன மடுல்சீமை பஸ்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஓடிய பஸ்களிலேயே, யாரும் வாந்தி எடுக்காமல் மடுல்சீமை போய்ச் சேர்ந்த பஸ் ஒன்றே ஒன்றுதான் என்று எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். பாதை நல்ல பாதை என்று நினைத்துவிடாதீர்கள். அதைப் பாதை என்று சொல்வதற்கே பெரிய மனசு வேண்டும். டிரைவரின் கெட்டிக்காரத்தனமும் காரணமில்லை. காரணம், கண்டக்டர்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் ராக்கெட். தொண்ணூறுகளில் பசறைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காலையில் பதுளையில் ஏறினால் வெள்ளிக்கிழமைதான் வீடு. மற்ற பஸ்களில் போகிறவர்கள் மூக்கில் தேசிக்காயை, அதாவது எலுமிச்சம்பழத்தை, வைத்துக்கொண்டு கண்ணை மூடி சாமியைக் கும்பிட்டபடி போவார்கள். எங்கள் பஸ்ஸில் எல்லோரும் வாயைத் திறந்தபடி ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டு போவோம். வயிற்றைப் பற்றி நினைக்க நேரம் இருக்காது.

அவர் கதை சொல்வார். ஒரே கதைதான். ‘செந்தூள் கிரகம்’ என்று, அவருடைய இளவட்ட வயதில் ஏதோ ஓர் இந்திய வாரப் பத்திரிகையில் வந்த விஞ்ஞானத் தொடர்கதை. எங்கோ தூரத்தில் ஒரு கிரகத்தில் மண் வெட்டுவதற்கு ஒரு கப்பல் நிறைய ஆட்களை ஏற்றி அனுப்புகிறார்கள். பயணம் முடிவதற்குள் ஏறினவர்கள் செத்துப்போகிறார்கள். கப்பலிலேயே பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறக்கின்றன. பூமியையும் பார்க்காமல், போகிற கிரகத்தையும் பார்க்காமல் இருக்கிற அவர்களுக்கு ஒரே கேள்வி: கப்பல் போய்ச் சேருமா, கதவு திறக்குமா?

பாதை எப்படியோ கதையும் அப்படி. பஸ் வேகமாகப் போனால் கப்பலும் வேகமாகப் போகும். ஒருநாள் மரம் விழுந்து பாதை அடைபட்டது. மரத்தை வெட்டி இழுத்து முடிக்கும்வரை அந்தப் பாவப்பட்ட கப்பலை ராக்கெட் விண்கல் மழைக்குள்ளேயே வைத்திருந்தார். டிரைவர் பசறைச் சிங்களவர். தமிழ் அரைகுறை, ஆனால் அவரை விடப் பெரிய ரசிகர் பஸ்ஸில் கிடையாது. உச்சக்கட்டத்தில் எதிரே லொறி வந்தால் பின்னால் திரும்பாமலே கத்துவார்.

“கண்டக்டர், பொறு பொறு! லொறி வாறான். அவன் போன பொறகு ஆக்சிஜன் முடிங்க!”

ராக்கெட்டும் மரியாதையாக, லொறி போகும்வரை கப்பலில் ஆக்சிஜனை விட்டுவைப்பார்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் நிரூபித்தால்தான் நம்புவார். கப்பலுக்குள் ஆட்கள் மிதந்தார்கள் என்று ராக்கெட் சொன்னதும் பிடித்துக்கொண்டார்.

“என்னெண்டு ஐசே மிதக்கிறது? உமக்கு விளக்கம் தெரியுமோ?”

“விளக்கம் தெரியாதுங்க மாஸ்டர். காட்டத்தான் தெரியும்” என்ற ராக்கெட், டிரைவரைப் பார்த்து ஒரு விசில் கொடுத்தார். டிரைவர் அடுத்த பள்ளத்தில் பிரேக்கைத் தொடவேயில்லை. பஸ் முழுக்க ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. மாஸ்டரின் தலை கூரையில் இடித்தது.

“மிதந்தீங்களா இல்லீங்களா?”

“இது மிதப்பில்லை, அடி!” என்று தலையைத் தடவினார் மாஸ்டர். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை அதே பஸ்ஸுக்காக, முன்னால் போன இரண்டு பஸ்களை விட்டுவிட்டு நின்றிருந்தார்.

ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். என் அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர். அதே தொடர்கதையை வாராவாரம் படித்தவர். கப்பல் கிரகத்தில் இறங்கி, கதவின் முன்னால் எல்லோரும் கூடி நிற்கிற கட்டத்தில், அரசாங்கத் தடை வந்து இந்தியப் பத்திரிகைகள் இந்த நாட்டுக்கு வருவது நின்றுபோனது. கதவு திறந்ததா இல்லையா என்று தெரியாமல் அப்பா பல நாள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஆக, இலங்கையில் அந்தக் கதைக்கு முடிவு கிடையாது.

ஆனால் ராக்கெட்டிடம் முடிவு இருந்தது. அதை அவர் கடைசி வளைவுகளுக்கு என்று வைத்திருந்ததால், வழியிலேயே இறங்குகிற நான் கேட்டதில்லை. அதே பஸ்ஸில் மடுல்சீமைவரை போகிற முத்தாயி அக்கா சொல்லித்தான் தெரியும். முத்தாயி அக்கா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்து, பென்ஷன் வாங்கி, தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் கடைசி அறையில் இருந்த மனுஷி.

“கதவு தொறக்குது டீச்சர். செவப்பு மண்ணு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எடம் அளந்து குடுக்குறாங்க. வேலி போட்டு, வூடு கட்டி, வாசல்ல அவங்கவங்க பேரை எழுதி வைக்கிறாங்க. யாரும் வந்து எழும்புன்னு சொல்ல ஏலாது. அவ்வளவுதான் கதை” என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். லயத்து அறையில் காலமெல்லாம் இருந்தவர்களுக்கு இது வெறும் கதை முடிவாக இருந்திருக்க முடியாது. லயத்தில் சண்டை வந்தால்கூட, “கதவு தொறக்கட்டும், ஒனக்கும் எனக்கும் வேற வேற வேலி” என்று திட்டிக்கொள்வார்களாம்.

அடுத்த திங்கட்கிழமை நான் வெகுளியாகக் கேட்டேன்.

“பத்திரிகைதான் பாதியில வராமப் போச்சே, நீங்க முடிவை எங்க படிச்சீங்க?”

ராக்கெட்டின் கை விசிலிலேயே நின்றுவிட்டது. “டீச்சர், ஒங்க எடம் வந்துருச்சு” என்றார். நாங்கள் இன்னும் பதுளை டவுனையே தாண்டவில்லை. அன்றிலிருந்து முன் சீட்டில் ஜன்னலோரம் எனக்கென்று ஒரு துண்டு விரிக்கப்பட்டிருக்கும். லஞ்சம்தான். நானும் மானம் கெட்டுப்போய் அதை வாங்கிக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் போனபின் அந்தச் செய்தி வந்தது. சென்னையில் ‘செந்தூள் கிரக’த்தைப் படமாக எடுக்கிறார்கள், கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்து கிராபிக்ஸ் செய்கிறார்கள். டிரைவர் பேப்பரில் வந்த படத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினார். வளைவில் பாதி பாதை மறைந்தது.

எல்லோரையும் விடச் சந்தோஷப்பட வேண்டிய ராக்கெட், முகம் கறுத்துப்போய் நின்றார். அன்றிலிருந்து பஸ்ஸில் கதை நின்று, பிரசாரம் ஆரம்பமானது.

“நல்லா யோசிச்சுப் பாருங்க. காத்தே இல்லாத எடம். அங்க போய் எப்படிங்க பாட்டுப் பாடுவான்? அந்தப் புள்ளை தலை நெறைய மல்லிகைப்பூ வச்சிருக்கு, போஸ்டர்ல பாத்தீங்களா? செந்தூள் கிரகத்துல ஏதுங்க பூக்கடை? கதையைக் கொன்னுட்டானுங்க. போய்ப் பாக்காதீங்க, மனசு ஒடைஞ்சு போவும்.”

இதற்குள் மாஸ்டர் கட்சி மாறியிருந்தார். “சும்மா இரும். இப்ப கம்ப்யூட்டரிலை எல்லாம் செய்யலாம். அசலா மிதப்பினம், பாரும். உம்மடை பள்ளம் மாதிரி இல்லை.”

பத்து வருஷம் எதையும் நம்பாதவர் நம்பிக்கையோடு காத்திருந்தார். பத்து வருஷம் நம்பவைத்தவர் எதையும் நம்பாதே என்று கத்திக்கொண்டிருந்தார். வேடிக்கையாக இருந்தது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

படம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு என்றார்கள், பிறகு பொங்கலுக்கு என்றார்கள். தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் ராக்கெட் பஸ் ஸ்டாண்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். படம் சீக்கிரம் வரவேண்டும் என்று டிரைவரும் தன் பங்குக்கு ஒன்று உடைத்தார். பிள்ளையார் யார் பக்கம் நிற்பது என்று திண்டாடியிருப்பார்.

கடைசியில் படம் பதுளைக்கே வந்துவிட்டது. தோட்டத்து வழக்கப்படி, ஞாயிற்றுக்கிழமைக்கு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு எல்லோரும் போவதாக ஏற்பாடு. எந்த பஸ்? வேறெந்த பஸ், எங்கள் பஸ்தான். கண்டக்டர் யார்? அவரேதான். முந்தின வெள்ளிக்கிழமை நான் இறங்கும்போது ராக்கெட்டும் கூடவே இறங்கினார்.

“டீச்சர், நீங்க கண்டுபுடிச்சிட்டீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். பத்திரிகை நின்னு போச்சு, முடிவு இல்லாமக் கதை சொன்னா யாருங்க கேப்பாங்க? ஒருநாள் சும்மா சொன்னேன். அதுகள் அழுதுருச்சுங்க. அப்பறம் மாத்த முடியல. எழுதினவர் எழுதினபடி அப்படியே சொல்றேன்னு சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமையோட நான் பொய்க்காரன். வேலி, வூடு, பேரு எல்லாம் பொய். அந்த முத்தாயி அக்கா மொகத்துல எப்படிங்க முழிப்பேன்?”

“காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்ல இருங்களேன்” என்றேன்.

“சொன்னேன் டீச்சர். டிரைவர் பனடோல் மாத்திரை வாங்கிக் குடுத்துட்டாரு.”

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நானும் தியேட்டர் வாசலில் சேர்ந்துகொண்டேன். ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். நடுவில் ராக்கெட், ஊசி போடக் கூட்டிவந்த பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முத்தாயி அக்கா, மறுபக்கம் டிரைவர்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், கப்பல் பிரமாதமாக இருந்தது. ஆட்கள் மிதந்தபோது மாஸ்டர் எழும்பி நின்றே கைதட்டினார். கதாநாயகன் காற்றில்லாத இடத்தில் பாடினான். ராக்கெட் சொன்னதுபோலவே மல்லிகைப்பூவும் இருந்தது. கப்பல் இறங்கியது. கதவின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். ராக்கெட் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

கதவு திறக்கவில்லை. கதாநாயகன், “நமக்கென்று ஒரு மண் இருக்கிறது!” என்று வசனம் பேசிக் கப்பலைத் திருப்பிக்கொண்டு பூமிக்கே வந்துவிட்டான். கடற்கரையில் இறங்கி மண்ணை எடுத்து நெற்றியில் பூசினான். அவனுக்குப் பின்னால் நூறு பேர் ஆடினார்கள். எழுத்தாளர் அப்படித்தான் எழுதியிருந்தாரா, படக்காரர்கள் மாற்றினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்து எல்லோரும் பஸ்ஸில் ஏறினோம். ஏறியதும் வெடித்தது.

“கதையைப் பழுதாக்கிப் போட்டாங்கள்!” என்று முதலில் கத்தியவர், ராக்கெட்டின் முடிவை நான் சொல்லிக் கேட்டிருந்த சயன்ஸ் மாஸ்டர். “இவர் சொன்ன கதை இதில்லையே! மூலக்கதையை மாத்த இவங்களுக்கு ஆர் உரிமை குடுத்தது?”

“ஊருக்குத் திரும்பிப் போறதுதான் சந்தோசமாமா?” என்றார் முத்தாயி அக்கா. “என் தங்கச்சி குடும்பத்தை அப்படித்தான் ஒங்க ஊரு இந்தியாவுல இருக்குன்னு சொல்லிக் கப்பல் ஏத்தி அனுப்புனாங்க. அங்க போனவளைப் பாத்து, இது ஒன் ஊருன்னு யாரு சொன்னா?”

டிரைவர் என்ஜினைத் தொடவில்லை. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கண்டக்டர், நம்ம முடிவு சொல்லுங்க. இல்லாட்டி பஸ் போக மாட்டான்.”

தப்பிக்க இதைவிட நல்ல வழி எந்தப் பொய்க்காரனுக்கும் கிடைக்காது. ‘ஆமாங்க, கெடுத்துட்டானுங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடும் ஐயா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ராக்கெட் மிதிபலகையில் நின்றபடி, டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க. படக்காரன் மாத்தினானா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்குக் கதைக்கு முடிவே தெரியாது. நான் சொன்னது எழுதினவர் எழுதினது இல்ல. நானா சொன்னது. இத்தனை வருசமா ஒங்களை ஏமாத்திட்டேன்.”

முத்தாயி அக்கா சோற்றுப் பார்சலை மடியில் சரியாக வைத்துக்கொண்டு பேசினார்.

“கதவு தொறந்ததும் மொதல்ல எறங்குறது யாருன்னு சொல்லுவ?”

ராக்கெட் தலையைக் குனிந்துகொண்டார். “முத்தாயின்னு ஒரு அம்மா.”

“ரெண்டாவது?”

“கடைசி லயத்து மாரிமுத்து.”

“ஏன்யா, மெட்ராஸ்ல இருக்குற எழுத்துக்காரனுக்கு மடுல்சீமை முத்தாயியைத் தெரியுமா? கடைசி லயத்து மாரிமுத்துவைத் தெரியுமா? நீ மொத மொத சொன்ன அன்னைக்கே எங்களுக்குத் தெரியும் தம்பி. நீ வெக்கப்படுவன்னு யாரும் கேக்கல. நேரமாவுது, வண்டியை எடுக்கச் சொல்லு. அந்தப் படத்துக்காரன் என்னைய உள்ளயே வச்சுப் பூட்டிட்டான். நீ கதவைத் தொறந்து எறக்கி விடு.”

ராக்கெட் பையை மாட்டிக்கொண்டு விசில் கொடுத்தார். அந்த முடிவை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொருவராகக் கை பிடித்துக் கப்பலிலிருந்து இறக்கினார். டிரைவருக்கும் ஒரு வேலி, மாஸ்டருக்கும் ஒரு வேலி, முன் சீட்டில் இருந்த எனக்கும் ஒரு வீடு. எத்தனையோ பெரிய எழுத்தாளர்களை அதற்குப் பிறகு படித்துவிட்டேன். இந்த மனிதர் மேல் வைத்த பிரியத்தை வேறு யார் மேலும் வைக்க என்னால் முடியவில்லை.