பாதி மாத்திரைத் தோழர்கள்

ஒரு காட்டில், தொழிற்சங்கங்களை எல்லாம் நரி நிர்வாகம் உடைத்து ஓயவைத்த காலத்தில், ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தார். பெற்றோர் வைத்த பெயர் சடையன். துண்டறிக்கையில் எடுப்பாக இல்லை என்று தானே கனல்வேந்தன் ஆனார். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை; துண்டறிக்கை படித்தே அறிவாளியானவர். ஆகவே உலகத்தில் எந்த விஷயமும் ஒரு பக்கத்தைத் தாண்டாது என்பது அவருடைய முடிவு.

கடைசிவரை அவரைவிட்டுப் போகாதவர் ஒரே தோழர், கரடி மருதாயி. இருவரும் எதையும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். டீ என்றால் பாதி டீ. வடை என்றால் பாதி வடை. லத்தியடி மட்டும் மருதாயிக்குக் கொஞ்சம் கூடுதல், உடம்பு பெரிது.

இருமலும் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கொக்கு இருவரிடமும் துளி சதை எடுத்துச் சோதித்தார். இருவருக்கும் நுரையீரலில் புற்றுநோய். மருதாயிக்குத் தினமும் ஒரு மாத்திரை. கனல்வேந்தனுக்கு நரம்பில் ஏற்றும் மருந்து. அதை ஏற்றினால், முடி கொட்டுவதுபோல முள் கொட்டும்.

"ஒரே நோய்! அவருக்கு மாத்திரை, எனக்கு ஊசியா? இது பாகுபாடு!" என்றார் கனல்வேந்தன்.

"பேர்தாங்க ஒண்ணு" என்றார் கொக்கு. " அவங்க கட்டியை ஒரு சுவிட்ச் வளர்க்குது. மாத்திரை அதை அணைச்சிடும். உங்க கட்டியில அந்த சுவிட்சே இல்லை."

"இல்லாதவனுக்குக் கொடுப்பதுதானே சமதர்மம்? எனக்கும் சுவிட்ச் கொடு!"

ஆஸ்பத்திரி வாசலில் உண்ணாவிரதம் தொடங்கியது. 'அனைவருக்கும் ஒரே மருந்து!' என்று பேனர். கூட்டம் என்று சொல்ல ஒரு ஆடு வந்தது. அதுவும் பேனரைத் தின்ன வந்தது.

மருதாயிக்குப் பொறுக்கவில்லை. "கத்திக் கத்தியே சாவாதீங்க தோழர். இந்தாங்க, வழக்கம்போல பாதி" என்று மாத்திரையை உடைத்துக் கொடுத்தார். தினமும் கொடுத்தார்.

போராட்டம் மாபெரும் வெற்றி. கனல்வேந்தன் பழரசம் பருகி உண்ணாவிரதத்தை முடித்துக்கொண்டார். கொடுக்க ஆளில்லாததால் அவரே பிழிந்து, அவரே வாழ்த்தி, அவரே குடித்தார்.

மழைக்காலத்தில் மருதாயியால் தேன் மரம் ஏற முடியவில்லை. பாதியிலேயே மூச்சு வாங்கியது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கட்டிகளும் வளர்ந்திருந்தன.

நடந்ததைக் கேட்ட கொக்கு கொதித்தார். "பாதி மாத்திரை அவங்களுக்குப் பத்தாது. உங்களுக்கு முழு மாத்திரையும் வீண். நீங்க அவங்க மூச்சில பாதியைப் பிடுங்கியிருக்கீங்க. இன்னும் நேரம் இருக்கு. ஊசி போட்டுக்கிறீங்களா?"

கனல்வேந்தன் தன் முதுகு முள்ளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"திட்டாதீங்க டாக்டர்" என்றார் மருதாயி. "முள்ளு போயிட்டா எவனும் மதிக்கமாட்டான்னு பயப்படுறார்."

கொக்கு கனல்வேந்தன் பக்கம் திரும்பினார். "உங்க சங்கத்தை நரி நிர்வாகம் எப்படிங்க உடைச்சுது?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் எத்தனையோ வருடமாகக் காத்திருந்தார். "மொத்தமா மிரட்டிப் பார்த்தாங்க, நடக்கலை. அப்புறம் ஒவ்வொருத்தனையும் தனித்தனியா படிச்சாங்க. குரங்குக்குப் பதவி. மயிலுக்குப் பொன்னாடை. ஆமையை லேசா முறைச்சாங்க, போதும். வெளியே எல்லாம் ஒரே கொடிதான், ஆனா உள்ளே ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு சுவிட்..."

நிறுத்திவிட்டுத் தன் மார்பைத் தடவினார். "அடப்பாவி. கட்டியும் அப்படித்தானா?"

"ஆமாங்க" என்றார் கொக்கு. "ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியா படிச்சு, நானும் அந்த நரி வேலையைத்தான் பார்க்கிறேன். ஆனா உங்க பக்கம் நின்னு."

"எங்க தோழரை மட்டும் எதைக் கொடுத்தும் வாங்க முடியலை" என்றார் மருதாயி பெருமையோடு.

"யாரும் கேட்கவே இல்லை" என்றார் கனல்வேந்தன், தரையைப் பார்த்து.

"நான் கேட்கிறேன். கையைக் கொடுங்க" என்றார் கொக்கு, ஊசியை எடுத்து.

கொடுத்தார். மருதாயி அவர் எதிரிலேயே முழு மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்டினார்.

முள் எல்லாம் கொட்டியது. உரித்த சேப்பங்கிழங்கு போல உட்கார்ந்திருந்தார் புரட்சியாளர். ஆனால் இருமல் குறைந்தது. அடுத்த மழைக்கு மருதாயி தேன் மரத்தின் உச்சிவரை ஏறி இறங்கினார்.

"இந்தாங்க தோழர். தேன்ல மட்டும் பாதி."

நீதி: உன்னை ஒழிக்க நினைப்பவன் உன்னைத் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறான். பிழைக்கவைக்க நினைப்பவரும் அப்படிப் படித்தால், தயவுசெய்து அவருக்கு எதிராகக் கூட்டம் கூட்டாதே.