காற்றுச்சித்தரின் நீலப் பெட்டி

எங்கள் அடுக்குமாடி வாசலில் காலையிலிருந்தே பெரிய வரிசை. தண்ணீர் லாரிக்கா, சினிமா டிக்கெட்டுக்கா என்று கேட்காதீர்கள். காற்றுக்கு! ஆண்டவன் சும்மா கொடுக்கிறான் என்று நாம் நம்பிக்கொண்டிருந்த அதே காற்றைக் காசு கொடுத்து வாங்க அத்தனை பேர் நிற்கிறார்கள்.

விற்கிறவர் காற்றுச்சித்தர். சன்னல் என்பது வீட்டுக்கு நாமே வைத்துக்கொண்ட ஓட்டை என்பது இவர் கண்டுபிடிப்பு. எதிர்வீட்டுக்காரி கண், பக்கத்து வீட்டான் பெருமூச்சு எல்லாம் அந்த வழியாகத்தான் நுழைகின்றனவாம். ஆகவே சன்னல்களை இழுத்துச் சாத்தி, அரக்கு முத்திரை வைத்துவிட்டு, மந்திரம் ஏற்றிய நீலப் பெட்டியைச் சுவரில் மாட்ட வேண்டும். அது கெட்ட காற்றை வெளியே தள்ளி, நல்ல காற்றை உள்ளே இழுக்கும். உர்ர்ர் என்று சத்தம் வந்தால் சக்தி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் என் வீட்டுப் பழைய மிக்சி எப்போதோ முக்தி அடைந்திருக்க வேண்டும்.

பெட்டி வந்த பிறகு ஒருவராலும் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. அடிக்கடி தெருவுக்கு இறங்கி வந்து நின்றார்கள். கேட்டால், உடம்பில் புதுச் சுறுசுறுப்பு வந்துவிட்டது, எல்லாம் பெட்டியின் மகிமை என்றார்கள். மூச்சு முட்டுகிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

என் அடுத்த வீட்டுக்காரர் வங்கி அதிகாரி. கணக்கில் புலி, மற்றதில் பூனை. அவருடைய கடைக்குட்டிப் பெண்ணுக்கு மூச்சிழுப்பு. சன்னலைத் திறந்து வையுங்கள் என்றார் டாக்டர். இவர் சித்தரிடம் போய் உத்தரவு கேட்டார். உள்ளே இருக்கிற கெட்ட காற்று வெளியேறும்போது நெஞ்சு இழுக்கத்தான் செய்யும் என்றார் சித்தர். அந்தப் பிஞ்சு படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கியது.

அதிகாரியின் தங்கை தையற்கடை வைத்திருப்பவள். அண்ணன் மகளைப் பார்க்க வந்தவள், குழந்தையின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டதும் நேராகச் சன்னலுக்குப் போனாள். அண்ணன் குறுக்கே விழுந்தார்.

"முத்திரை உடைஞ்சா குடும்பத்துக்கே ஆகாதும்மா."

"சரிண்ணே, நான் உடைக்கல. உங்க சித்தர் வரட்டும்."

முத்திரையைப் புதுப்பிக்கச் சித்தர் அன்றுதான் வந்தார். கூடம் நிறைய பக்தர்கள். கூட்டத்தோடு நானும் நின்றேன். தங்கை முதலில் அண்ணியையும் குழந்தையையும் தெருவுக்கு அனுப்பினாள். பிறகு பவ்வியமாகக் கை கட்டிக்கொண்டு கேட்டாள்.

"சாமி, எந்தக் கெட்ட காத்தா இருந்தாலும் பெட்டி வெளிய தள்ளிருமா?"

"எமனோட மூச்சா இருந்தாலும் தள்ளிரும்மா."

"அது போதும் சாமி."

அடுப்படிக்குப் போனாள். காய்ந்த வாணலியில் ஒரு பிடி மிளகாய் வற்றலைப் போட்டாள்.

மேலே சொல்லவும் வேண்டுமா! பக்தர்கள் ஆளுக்கொரு சுருதியில் இருமினார்கள். அதிகாரிக்குக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பெட்டி மட்டும் கடமை தவறவில்லை. ஒரு பக்கம் நெடியை இழுத்து, மறுபக்கம் சித்தர் முகத்திலேயே ஊதியது.

"கொஞ்சம் பொறுங்க சாமி, இப்போ தள்ளிரும்," என்றாள் தங்கை, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

சித்தர் பொறுக்கவில்லை. துள்ளி எழுந்து, தாம் வைத்த முத்திரையைத் தாமே நகத்தால் பிய்த்து, சன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டார். மற்றவர்கள் அடுத்த சன்னல்களுக்கு அடித்துக்கொண்டார்கள்.

நெடி அடங்கியதும் தங்கை பெட்டியைக் கழற்றினாள். உள்ளே ஒரு சின்ன மின்விசிறி, நீல பல்பு, சென்ட் நனைத்த பஞ்சு. பின்னால் வெறும் சுவர்.

"சுவருல ஓட்டையே இல்லியேண்ணே. எந்த வழியா வெளிய தள்ளுச்சு?"

அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்தார். குழந்தையின் அறைக்குப் போய் எல்லாச் சன்னல்களையும் திறந்தார். அன்று மத்தியானம் அந்தப் பிள்ளை கால் நீட்டிப் படுத்துத் தூங்கியது.

சித்தர் பின்படி வழியாக நழுவினார். இது தெரியாமல் வாசல் வரிசையில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி தன் கையாலேயே சன்னலைத் திறந்து வச்சாராமே? எங்க வீட்டுக்கும் வந்து திறந்துவிடச் சொல்லுங்க சார். எவ்வளவு ஆகும்?"

ஐயா, சன்னலுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கிறது, நீங்களே தள்ளலாம். புத்தியைப் பூட்டிச் சாவியை அந்த ஆளிடம் கொடுத்தீர்களே, முதலில் ஓடிப்போய் அதைத் திரும்ப வாங்குங்கள்!