ஒற்றைச் சுவரும் ஒரு லாரி முடிச்சும்

வீட்டு வயரை மாற்றினாலும் மாற்றலாம், சுவரில் ஒரு உளி படக்கூடாது என்று கந்தப்பன் சபதம் போட்டார்.

மற்ற சுவர்கள் எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்கிற அந்த ஒற்றைச் சுவர்தான் உயிர். ஆயுசில் பாதித் தூக்கத்தை லாரி ஸ்டியரிங்கில் தொலைத்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகு கேட்டதெல்லாம் மத்தியானம் ஒரு தூக்கம். மனைவி கோகிலவாணி வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால், "செவுரு மறச்சிருச்சு, காதுல உழுகல" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மாளோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும் என்கிறாள்.

எலக்ட்ரீசியன் நவீன்குமார் வந்து பார்த்தான். "செவுத்துக்குள்ள பழைய பைப்பு இருக்குதுங்க. பழைய வயரு நுனியில புதுச முறுக்கி, டேப்பு சுத்தி, அந்தப் பக்கமிருந்து இழுத்தாப் புதுசு தானா வந்துரும். ஒடைக்கவே வேண்டாங்க."

கந்தப்பன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவள், "சரிங்க" என்றாள். மறுபேச்சில்லாமல் அவள் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வேலை மறுநாளும் இழுத்தது. மெயினை அணைத்தாயிற்று, ஃபேன் கிடையாது. எடப்பாடி வெயில் கொதித்தது. பக்கத்து வீட்டுத் தறி ஓயவில்லை. தூக்கம் போன கந்தப்பன் கட்டிலை அறைக்கு அறை இழுத்தே ஓய்ந்துபோனார். ஒருவழியாக எல்லா அறையும் முடிந்து, அந்த ஒற்றைச் சுவர் மட்டும் பாக்கி. நவீன்குமார் சாப்பிடக் கிளம்பினான்.

"ஏனுங்க, அந்தத் தம்பி வர்ற வரைக்கும் வயருல கைய வெச்சராதீங்க," என்றாள் கோகிலவாணி.

"வெச்சா என்ன?"

"உங்களுக்கு வராதுங்க."

"எனக்கா? எத்தன லோடுக்குத் தார்ப்பாய் கட்டிருப்பேன்?"

"அது கயிறு. இது வயருங்க."

"கட்டறதுல என்ன புள்ள கயிறு, வயரு?"

"நமக்கெதுக்குங்க? வயசாச்சு, பேசாம உக்காருங்க."

சொல்லிவிட்டு அவள் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். வயசாச்சு என்ற சொல் கந்தப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்தார். பழைய வயரோடு புது வயரைச் சேர்த்து, அசல் லாரி முடிச்சு ஒன்று போட்டார். கூடத்துப் பக்கம் வந்து இழுத்தார்.

லாரி முடிச்சுக்கு ஒரு பெருமை உண்டு. எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஊர் சேர்ந்ததும் ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்ந்துவிடும். பைப்பின் வளைவில் ஏதோ சுண்டியது. முடிச்சு ஊர் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது. பழைய வயர் முழுசாக அவர் கைக்கு வந்தது. புது வயர் அடுப்படியிலேயே நின்றுவிட்டது.

நவீன்குமார் திரும்பி வந்து, வயர் இழுக்கிற ஸ்பிரிங் கம்பியைப் பைப்புக்குள் விட்டுப் பார்த்தான். பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. "வளைவுல பைப்பு நசுங்கிக் கெடக்குதுங்க. பழைய வயரு இருந்திருந்தா எப்படியாச்சும் இழுத்திருக்கலாம். இனி ஒடைக்காம ஆகாதுங்க."

"செவுத்து மேலயே பிளாஸ்டிக் பட்டி அடிச்சு, அதுக்குள்ள வயர ஓட்டேன் தம்பி," என்று கெஞ்சினார் கந்தப்பன்.

துணி மூட்டையோடு கோகிலவாணி வந்து நின்றாள். "அடுப்படில பட்டியா? எண்ணெப் பிசுக்கு ஏறுமுங்க. தெனமும் நீங்க தொடைக்கறீங்களா?"

கந்தப்பன் கையிலிருந்த பழைய வயரைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

"ஒடைக்கறதுதான் ஒடைக்கறோம்," என்றாள் அவள் மெதுவாக, "அப்படியே ஒரு ஜன்னலாப் போட்டரலாமுங்க."

உடம்பெல்லாம் அசந்து போயிருந்தாலும் கந்தப்பன் கடைசியாக ஒரு முறை முட்டிப் பார்த்தார். "கொத்தனாருக்கு எங்க போறது? இந்த சீசன்ல ஆள் கெடைக்க ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் செவுரு இருக்கட்டும்."

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கொத்தனார் தங்கசாமி, தோளில் கடப்பாரையும் கையில் ஒரு ஜன்னல் சட்டமுமாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நேத்து நீங்க சொன்ன அளவுலயே சட்டம் கொண்டாந்துட்டேனுங்கம்மா. ஐயா வயர உருவிட்டாருங்களா, இல்ல நான் ஒரு டீ குடிச்சுட்டு வரட்டுங்களா?"